பத்தரை மணிக் கையெழுத்து

ஜெயவேல் ஆடு திருடியவன்தான். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பொய்க்கேசு, யாரோ மாட்டிவிட்டார்கள் என்று யாரும் உருக வேண்டாம். இரண்டு கிடாய். விளாத்திகுளத்துக்குக் கிழக்கே கரிசல்காட்டில் ஒரு சின்ன ஊர் அவனுடையது. ஒன்றரை வயது மகள் மதிக்குக் காது குத்த நாள் பார்த்திருந்தார்கள். "கிடாய் வெட்டி நாலு பேருக்குச் சோறு போட உனக்கு வக்கிருக்கா?" என்று மாமனார் வீட்டில் யாரோ ஒரு வார்த்தை விட்டார்கள். ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. ஊரில் பெரிய கையாக இருந்தவரின் ஆட்டுக் கிடையில் புகுந்துவிட்டான்.

ஆட்டோடு நின்றிருந்தால் அடிவாங்கிக்கொண்டு வீடு திரும்பியிருப்பான். மேய்ப்பவர் ஓடிவந்து கையைப் பிடித்தார். இவன் உதறினான். வயசான மனுஷன், விழுந்ததில் மணிக்கட்டு முறிந்துவிட்டது. ஆட்டுத் திருட்டு அந்த நொடியே வழிப்பறியாக மாறிப்போனது.

நாற்பத்தேழு நாள் பாளையங்கோட்டை ஜெயிலில் இருந்தான். பிறகு ஜாமீன் கிடைத்தது, ஒரு நிபந்தனையோடு. ஊர்ப் பக்கமே தலைகாட்டக் கூடாது. அறுநூறு கிலோமீட்டர் தள்ளி, வடசென்னையில் துறைமுகத்துக்குப் பக்கத்தில் இருக்கும் ஒரு காவல் நிலையத்தில் தினமும் காலை பத்தரை மணிக்குக் கையெழுத்துப் போட வேண்டும், மறு உத்தரவு வரும் வரை. அத்தனை ஊர் இருக்க அந்த ஸ்டேஷனை ஏன் எழுதினார்கள் என்று வக்கீலுக்கே தெரியாது. "ஒரு மாசம், மிஞ்சிப்போனா ரெண்டு மாசம். தளர்த்தச் சொல்லி மனு போட்டுருவோம்" என்றார்.

2013 ஜனவரியில் பஸ் ஏறினான். மலர் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு பஸ் ஸ்டாண்டு வரை வந்தாள். கல்யாணமாகி மூன்று வருஷம்தான் ஆகியிருந்தது. "ரெண்டு மாசந்தான, கண்ண மூடித் தொறக்கதுக்குள்ள ஓடிரும்" என்றாள். அவள் அழவில்லை. இவன்தான் கண்டக்டர் பார்க்க அழுதான்.

ஸ்டேஷனில் ராமதாஸ் என்ற ரைட்டர் இருந்தார். ஸ்டேஷனின் எழுத்து வேலையெல்லாம் பார்க்கும் ஏட்டுக்கு ரைட்டர் என்று பெயர். அவர் கோர்ட்டு காகிதத்தைப் படித்துவிட்டு இவனை மேலும் கீழும் பார்த்தார்.

"நோட்டு எங்க?"

"என்ன நோட்டு சார்?"

"கையெய்த்த இன்னா என் முதுகுலயா போடுவ? நாப்பது பக்கம் லாங் சைஸ் நோட்டு ஒண்ணு வாங்கியா."

கையெழுத்துப் போட வருகிறவன்தான் நோட்டும் வாங்கிவர வேண்டும். எந்தச் சட்டப் புத்தகத்திலும் கிடையாது, ஆனால் அதுதான் வழக்கம். எதிரே ஜாபர் பாய் டீக்கடைக்குப் பக்கத்துப் பெட்டிக்கடையில் வாங்கி வந்தான். தேதி, நேரம், பேர், கையெழுத்து. பக்கத்தில் ராமதாஸ் ஒரு சின்னக் கிறுக்கல் போட்டார். "பத்தரைன்னா பத்தரை. ஒரு நாள் வர்லன்னாலும் பெயில் கேன்சல். அப்பால நான் பொறுப்பு இல்ல."

அந்த ஒரு வாக்கியம் ஜெயவேலுக்குள் ஆணி அடித்தது போல இறங்கிவிட்டது. அதற்குப் பிறகு அவன் வாழ்க்கை முழுக்க அந்த ஆணியில்தான் தொங்கியது.

எட்டு மணிக்கு ஷிப்டு ஏறும் எந்த வேலைக்கும் பத்தரைக்கு வெளியே போகிறவனைச் சேர்க்க மாட்டார்கள். அதனால் காசிமேட்டு மீன்பிடித் துறைமுகத்தில் ஐஸ் உடைக்கப் போனான். விடியற்காலம் ஏலம் தொடங்கும்போது நீளக் கட்டியாக வரும் பார் ஐஸை மெஷினில் தள்ளி உடைத்து, கூடையில் அள்ளிப் பெட்டிகளுக்குக் கொட்ட வேண்டும். ஒன்பது மணிக்கு வேலை முடிந்துவிடும். கல்மண்டபத்துச் சந்து ஒன்றில் மாடிப்படிக்கு அடியில் ஓர் ஆள் படுக்கிற அளவுக்கு இடம் பிடித்தான். குளித்து, சட்டை மாற்றி, பத்து மணிக்கெல்லாம் ஸ்டேஷன் வாசலில் நிற்பான். கையெழுத்துப் போட்டு வெளியே வந்தால் பத்து முப்பத்தைந்து. மிச்சம் இருக்கிற நாள் முழுக்க அவனுக்கு யாரும் இல்லை. ஜாபர் பாய் கடை பெஞ்சில் உட்காருவான். பிறகு படிக்கு அடியில் போய்ப் படுப்பான். மேலே யார் இறங்குகிறார்கள், யார் ஏறுகிறார்கள் என்று செருப்புச் சத்தத்தை வைத்தே சொல்லிவிடுவான். முகம் பார்த்தால் பாதிப் பேரைத் தெரியாது.

அவனைப்போலவே கையெழுத்துப் போட வந்தவன் ஃப்ரெடி, தூத்துக்குடிக்காரன். இருவரும் ஊர்ப் பேச்சுப் பேசிக்கொள்ள முடிந்ததில் ஜெயவேலுக்கு இரண்டு மாதம் கொஞ்சம் மூச்சு வந்தது. "கண்டிஷன தளத்தியாச்சுன்னு வக்கீல் போன்ல சொல்லிட்டாரு மாப்ள" என்று ஒரு நாள் ஃப்ரெடி குதித்துக்கொண்டு ஊருக்குப் போனான். மனு போட்டிருந்ததுதான் உண்மை, உத்தரவு ஆகவில்லை. பத்தாம் நாள் பிடித்து மறுபடி உள்ளே தள்ளிவிட்டார்கள். "பாத்தியா? வக்கீல் பேச்ச கேட்டா இதான் கதி" என்று ராமதாஸ் நோட்டைத் தட்டிக் காட்டினார்.

இரண்டு மாதம் பத்து மாதமானது. ஞாயிற்றுக்கிழமைகளில் மலர் போன் செய்வாள். மதி நடப்பதை, பேசுவதை, பக்கத்து வீட்டுக் கோழியைத் துரத்துவதைச் சொல்வாள். அக்டோபரில் ஒரு வெள்ளிக்கிழமை அவளே கூப்பிட்டாள். குரலில் சந்தோஷம் தாங்கவில்லை.

"ஏங்க, வக்கீல் ஆபீசுல சொல்லிட்டாக. இனிமே கையெழுத்தே வேண்டாமாம். ராத்திரிக்கே வண்டி ஏறி வந்துருங்க."

அவன் ராமதாஸிடம் ஓடினான். அவர் மேசையைத் தேடினார், பீரோவைத் தேடினார். கெட்ட மனுஷன் இல்லை, உண்மையாகவே தேடினார்.

"எனக்கு ஆர்டர் வர்லப்பா. வர்ற வரிக்கும் நீ போட்டுக்கினே இரு. உன் நல்லதுக்குத்தான் சொல்றேன்."

வக்கீலைக் கேட்டால் "அனுப்பியாச்சுப்பா" என்பார். ஸ்டேஷனில் கேட்டால் "வர்லப்பா" என்பார்கள். இந்த இரண்டு வார்த்தைக்கும் நடுவில் ஜெயவேல் மாட்டிக்கொண்டான். வேறு ஒருவனாக இருந்தால் கோர்ட்டுக்கே போய் நகல் வாங்கியிருப்பான். ஜாமீன் கொடுத்த கோர்ட்டு மதுரையில் இருந்தது. மதுரைக்குப் போனால் அன்றைக்கும் மறுநாளைக்கும் யார் கையெழுத்துப் போடுவது? ஃப்ரெடியின் முகம் கண்ணுக்கு முன்னால் வந்தது. மலரிடம், "இங்க இன்னும் ஆர்டர் வரல, நான் வர முடியாது" என்றான். அடுத்த ஞாயிறும் அதையே சொன்னான். பொங்கலுக்கும் அதையே சொன்னான். பெண்டாட்டி வாயை நம்பாமல் ரைட்டர் வாயை நம்பினான் பாருங்கள், அதற்காக அவனை நாலு அறை அறையலாம் என்று எனக்குத் தோன்றும். ஆனால் நாற்பத்தேழு நாள் உள்ளே இருந்தவன் பயம் நமக்கு எப்படித் தெரியும்?

அந்தப் பொங்கலுக்குப் பிறகு மலர் போனை எடுப்பது குறைந்தது. ஒரு நாள், "அங்கயே இருந்துக்கிடுங்க" என்று வைத்துவிட்டாள். அதன் பிறகு அந்த எண் உபயோகத்தில் இல்லை என்றே வந்தது. வக்கீலும் எண்ணை மாற்றிக்கொண்டு வேறு ஊர் போய்விட்டார்.

ஜாபர் பாய் ஒரு தடவை காட்டுப்பள்ளியில் கப்பல் கட்டும் இடத்தில் நல்ல வேலை சொன்னார். "மச்சான்கிட்ட சொல்லிட்டேன் நைனா, காலைல போய் ஒரு தபா மூஞ்ச காட்டு." விடிகாலையிலேயே போனான். திரும்பும்போது எண்ணூர் நெடுஞ்சாலையில் கன்டெய்னர் லாரிகள் வரிசை கட்டி நின்றுவிட்டன. பஸ் ஒரு அடி நகரவில்லை. திருவொற்றியூரில் குதித்து இறங்கி, லாரிகளுக்கு நடுவில் ஓடினான். செருப்பு அறுந்தது, எறிந்துவிட்டு ஓடினான். ஸ்டேஷனில் பத்து நாற்பத்திரண்டு. "இதான் கடைசி" என்றார் ராமதாஸ். அன்றைய கையெழுத்து கோணலாக விழுந்தது. அதற்குப் பிறகு அவன் திருவொற்றியூருக்கு வடக்கே போகவே இல்லை.

2015 வெள்ளத்தில் இடுப்பளவு தண்ணீரில் வந்தான். வர்தா புயலில் தகரம் பறக்கிற தெருவில் வந்தான். கொரோனாவில் ஊரே கதவைச் சாத்திக்கொண்டபோது, "வராதய்யா, நீ வேற!" என்று போலீஸ்காரர்கள் தலையில் அடித்துக்கொண்டார்கள். வாசலில் நின்றபடி கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனான். ராமதாஸ் மாற்றலாகிப் போனார். அடுத்தடுத்து வந்த ரைட்டர்களுக்கு இவன் மேசை நாற்காலி போல ஸ்டேஷனோடு வந்து சேர்ந்தான். எந்தக் கேசு, எந்த ஊர் என்று யாரும் கேட்கவில்லை. ஜனவரி ஒன்றாம் தேதி புது நோட்டோடு வருவான், பழையது பீரோவுக்குள் போகும். வாசலில் துப்பாக்கியோடு நிற்கும் பாரா பாஸ்கர் மட்டும் இவனைக் கண்டால், "இன்னா அண்ணாத்த, மணி பத்தரையா?" என்று தன் வாட்ச்சைச் சரிபார்ப்பான். அது ஒன்றுதான் அவனிடம் யாராவது தினமும் பேசுகிற பேச்சு.

ஒரு நாள் தவறினால் என்ன கேட்பார்கள் என்று ஜெயவேலுக்குத் தெரியும். "நேத்து ஏன் வரல?" படிக்கு அடியில் படுத்துக்கொண்டு அதற்கான பதில்களைச் சொல்லிப் பார்ப்பான். காய்ச்சல் சார். மறியல் சார். எதுவும் நம்பும்படி வராது. அந்தக் கேள்விக்குப் பயந்தே பதினோரு வருஷம் ஓடியது.

2024 பிப்ரவரியில் ஸ்டேஷன் புதுக் கட்டடத்துக்கு மாறியது. ரைட்டராகப் புதிதாக வந்திருந்தவர் யசோதரா, வியாசர்பாடிக்காரர். பழைய காகிதக் கட்டுகளைப் பிரித்து அடுக்கிக்கொண்டிருந்தவர், 2014 தேர்தல் பந்தோபஸ்து கட்டுக்குள் வழி தவறிப்போய்த் தைக்கப்பட்டிருந்த ஓர் உத்தரவைப் பார்த்தார். இரண்டு தடவை படித்தார். வெள்ளிக்கிழமை பத்தரைக்கு ஜெயவேல் வந்தபோது நாற்காலியை இழுத்துப் போட்டார். அந்த ஸ்டேஷனில் அவனுக்குக் கிடைத்த முதல் நாற்காலி.

"உக்காருங்கண்ணா."

அவன் உட்காரவில்லை. என்ன தப்பு நடந்ததோ என்று மேசைமேல் தன் நோட்டைத் தேடினான்.

"கண்டிஷன் எப்பவோ எடுத்துட்டாங்கண்ணா. பத்து வருஷத்துக்கு மின்னாடியே. இங்கதான் கெடந்துக்கீது, ஒருத்தனும் பாக்கல. போன் பண்ணி கேட்டுட்டேன், கேசையே அப்பவே சமாதானமா முடிச்சிட்டாங்களாம். நீங்க அப்பவே போயிருக்கலாம்." யசோதராவுக்குக் கண் கலங்கியது. "எங்க தப்புதாண்ணா. மன்னிச்சிடுங்க."

ஜெயவேல் அந்தத் தாளை வாங்கிப் பார்த்தான். தேதி அக்டோபர் 2013. மலர் போன் செய்த வாரம்.

"அப்ப இன்னிக்குக் கையெழுத்து?" என்றான்.

"வேணாண்ணா. இனிமே எப்பவும் வேணாம்."

"மேடம், இந்த ஆர்டர் இங்கயே கெடந்துச்சுன்னு ஒரு தாள்ல எழுதிக் குடுப்பீங்களா? பெண்டாட்டிகிட்டக் காட்டணும். நான் பொய் சொல்லலன்னு அவளுக்குத் தெரியணும்."

அப்படி எழுதிக் கொடுத்தால் யாருக்கு வேலை போகும் என்று யசோதராவுக்குத் தெரியும். பிறகு பீரோவைத் திறந்து, அவன் வாங்கிவந்த நோட்டுகளையெல்லாம் அள்ளி மேசைமேல் வைத்தார். மொத்தம் பன்னிரண்டு. "இத எடுத்துக்கினு போங்கண்ணா. நீங்க வாங்குன நோட்டுதானே. இதுக்கு மேல இன்னா சாட்சி வேணும்?"

சனிக்கிழமை சாயங்காலம் கிளாம்பாக்கத்தில் பஸ் ஏறினான். மடியில் நோட்டுப் பை. பைக்குள் மதிக்கு வாங்கிய ஒரு ஜோடிக் கம்மலும் இருந்தது. ஞாயிறு காலை ஊரில் இறங்கியபோது அவன் வீட்டுக் கூரை உள்ளே விழுந்து கிடந்தது. டீக்கடையில் இருந்தவர் அடையாளம் தெரியாமலே சொன்னார்: "மலரா? அது விளாத்திகுளத்துல மாவு மில்லுக்காரரக் கட்டிக்கிட்டு ஏழு வருசமாச்சே."

அப்படியே திரும்பியிருக்கலாம். ஆனால் பையில் நோட்டு இருந்தது. விளாத்திகுளத்துக்கு வந்து சேர்ந்தான். பஸ் ஸ்டாண்டுக் கடிகாரத்தில் பத்தரை ஆனபோது கால் தானாக நின்றுவிட்டது. கை சட்டைப் பையில் பேனாவைத் தேடியது.

மாவு மில்லுக்காரர் வீட்டை விசாரித்து வந்து கதவைத் தட்டினான். திறந்ததும் ஆள் யாரென்று மலருக்குத் தெரிந்துவிட்டது. நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். உள்ளேயிருந்து "யாரும்மா?" என்று ஒரு குரல். "மெட்ராசுல நமக்குத் தூரத்துச் சொந்தம்" என்றாள் மலர். "தண்ணி கொண்டா."

பதின்மூன்று வயசுப் பெண் செம்பில் தண்ணீர் கொண்டுவந்தது. காதில் சின்ன ஜிமிக்கி ஆடியது.

"வாங்க மாமா."

"நல்லா கீறியாம்மா?" என்றான் ஜெயவேல். வாயில் அதுதான் வந்தது. பதினோரு வருஷத்தில் அவன் நாக்கே மாறிப்போயிருந்தது.

மதி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். "எம்மா, சினிமாவுல வாரவுக மாதிரியே பேசுதாக!" என்று உள்ளே ஓடிவிட்டாள்.

ஜெயவேல் நோட்டுகளை எடுத்துத் தரையில் அடுக்கினான். மலர் உட்கார்ந்து ஒன்றைப் பிரித்தாள். ஜனவரி ஒன்று, பத்தரை, ஜெயவேல். ஜனவரி இரண்டு, பத்தரை, ஜெயவேல். பக்கம் பக்கமாக அதேதான். அவள் தேடியது முதல் நோட்டை. அக்டோபரைக் கண்டுபிடித்தாள். அவள் கூப்பிட்ட வெள்ளிக்கிழமை, மறுநாள் சனிக்கிழமை, ஞாயிறு. விரலை வைத்து வரி வரியாக இறங்கினாள். அடுத்த நோட்டில் பொங்கல் வந்தது. பொங்கலன்றும் பத்தரை, ஜெயவேல்.

"கோர்ட்டுலயே வேண்டாம்னுட்டாக, நீங்க இன்னும் கையெழுத்துன்னு சொல்லுதீகளேன்னு..." அவள் அடுத்த பக்கத்தைப் புரட்டினாள். "அங்க ஒருத்திய வச்சிருக்கீகன்னு நெனச்சேன். எல்லாரும் அப்பிடித்தான் சொன்னாக. மூணு வருசம் பாத்தேன்."

"யாரும் இல்ல மலர்."

"தெரியுது." நோட்டின்மேல் கண்ணீர் விழுந்தது. முந்தானையால் ஒற்றினாள், எழுத்து அழிந்துவிடாமல். ஜெயவேலுக்கு அந்த நேரம் நெஞ்சு நிறைந்துவிட்டது. நம்பிவிட்டாள். பத்து வருஷம் அவன் ஆசைப்பட்டது அதற்குத்தான். ஆனால் அதை வைத்துக்கொண்டு இனி என்ன செய்வது என்று அவனுக்கும் தெரியவில்லை, அவளுக்கும் தெரியவில்லை.

உள்ளே மதி டிவி பார்த்துச் சிரிக்கும் சத்தம் கேட்டது. மலர் அந்தப் பக்கம் திரும்பிப் பார்த்தாள். முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"எப்பப் பொறப்படுதீக? மில்லுலருந்து அவுக நாலு மணிக்கு வந்துருவாக."

"இதோ, கிளம்பிட்டேன்."

நோட்டுகளைப் பையில் போட அவளே உதவினாள். முதல் இரண்டை மட்டும் தனியே எடுத்துக்கொண்டாள். "இத நான் வச்சுக்கிடுதேன்" என்றாள். கம்மலை அவன் வெளியே எடுக்கவில்லை.

அன்று முழுக்க பஸ் ஸ்டாண்டில் கிடந்தான். திங்கட்கிழமை காலை மறுபடி ஊருக்குப் போய், விழுந்த கூரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். தெருவில் போனவர்களில் இரண்டு பேர் அடையாளம் கண்டுகொண்டார்கள். "ஆட்டுக்காரன்ல?" என்று அவர்களுக்குள் கேட்டுக்கொண்டு போய்விட்டார்கள். ராத்திரி பஸ்ஸில் ஏறிவிட்டான்.

செவ்வாய்க்கிழமை கல்மண்டபத்துக்கு வந்து, குளித்து, சட்டை மாற்றினான். ஜாபர் பாய் கடையில் ஒரு டீ குடித்துவிட்டு வரலாம் என்றுதான் தனக்குச் சொல்லிக்கொண்டு கிளம்பினான். டீக்கடையைத் தாண்டி கால் போய்க்கொண்டே இருந்தது. புதுக் கட்டடத்து வாசலில் பாஸ்கர் நின்றிருந்தான். விஷயத்தை அவனுக்கு யாரும் சொல்லவில்லை. ஸ்டேஷன்களில் அப்படித்தான், உள்ளே நடப்பது வாசலுக்குத் தெரியாது. இவனைக் கண்டதும் அவன் வாட்ச்சைப் பார்க்கவில்லை, முறைத்தான்.

"இன்னா அண்ணாத்த, மூணு நாளா ஆளையே காணோம்? ஏன் வர்ல? பத்தரை ஆனா ரோட்டையே பாத்துக்கினு நிக்கறேன். ஒடம்பு கிடம்பு சரியில்லையா, வண்டி கிண்டி இடிச்சிருச்சான்னு ஒரே பேஜாராப் போச்சுப்பா."

இந்தக் கேள்விக்குத்தான் பதினோரு வருஷம் பயந்தான். ஊரில் அதை ஒருத்தரும் கேட்கவில்லை. மலர்கூடக் கேட்கவில்லை. சொல்லிப் பார்த்து வைத்திருந்த பதில் ஒன்றுகூட வாயில் வரவில்லை. இரும்புக் கேட்டைப் பிடித்துக்கொண்டு, போகிறவர் வருகிறவர் பார்க்க, சின்னப்பிள்ளை போல விம்மி விம்மி அழுதான்.

பாஸ்கர் பதறிப்போய்த் துப்பாக்கியைத் தோளுக்கு மாற்றிக்கொண்டு அவன் கையைப் பிடித்தான். "ஐய, நான் இன்னா கேட்டுட்டேன் இப்ப? அழாத அண்ணாத்த."

"தப்புதான் சார்" என்றான் ஜெயவேல். "இனிமே தவறாம வந்துர்றேன்."